எதிரியா, சூரியனா?

கோடைக்கானலிலிருந்து மேற்கே, வானாய்வகத்தையும் பூம்பாறையையும் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் மலைச்சாலையில் போனால் கூக்கால் வரும். ஓர் ஏரி, அதை ஒட்டிச் சோலைக்காடு, படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். மேல்மலைக் கிராமங்களிலேயே ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. போர்த் தொழில்நுட்பத்தைப் பற்றிய புத்தகத்தில் இந்த ஊர் ஏன் வருகிறது என்றால், அதன் தலைக்கு மேலே 300 கிலோமீட்டர் உயரத்தில் அந்திக்குப் பிறகு நடக்கும் ஒரு கலவரத்துக்காக. அந்தக் கலவரத்தைப் பற்றித் தெரியாமல் இன்றைக்கு எந்தப் படைத்தளபதியும் செயற்கைக்கோளை நம்பித் திட்டம் போட முடியாது.

பகல் முழுதும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அப்படிப் பிய்ந்த எலெக்ட்ரான்களும் மிஞ்சிய அயனிகளும் சேர்ந்த கலவைக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது நிறைந்த உயரப்பகுதி அயனி மண்டலம். பொழுது சாய்ந்ததும் இந்த மண்டலத்தின் அடிப்பகுதி விரைவில் கரைந்துவிடுகிறது. அங்கே காற்று அடர்த்தி அதிகம் என்பதால் எலெக்ட்ரான்களும் அயனிகளும் சீக்கிரமே மறுபடி சேர்ந்துகொள்கின்றன. மேற்பகுதி மட்டும் அடர்த்தியாகவே நிற்கிறது. கனமானது மேலே, மெலிந்தது கீழே. நல்லெண்ணெயின்மேல் தண்ணீரை எவ்வளவு பக்குவமாக ஊற்றி நிறுத்தினாலும் அது நிற்காது அல்லவா, அதே கதிதான். கீழேயுள்ள மெலிந்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறுகிறது. 1938-இல் பெரு நாட்டின் ஹுவாங்காயோவில் புக்கர், வெல்ஸ் என்ற இருவர் அயனி மண்டலத்துக்கு வானொலி அலைகளை அனுப்பி எதிரொலியைப் பார்த்தபோது, அந்திக்குப் பின் அந்த எதிரொலி கலங்கிச் சிதறுவதைக் கண்டார்கள். குமிழிகளின் முதல் தடயம் அதுதான்.

உலகம் முழுவதும் ஒரே மாதிரி இது நடப்பதில்லை. பூமியின் காந்தக்கோடுகள் தரைக்குக் கிடைமட்டமாக ஓடும் இடம் காந்த நடுக்கோடு. இந்தியாவில் அது நெல்லை, குமரி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. கூக்காலிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கிடைமட்டக் கோடுகள்தான் கனத்த பிளாஸ்மாவை விழாமல் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தி வேளையில் இந்தப் பகுதியில் வலுக்கும் மின்புலம் அதை இன்னும் உயரத் தூக்கிவிடுகிறது. தூக்கிய உயரம் கூடக் கூட, கவிழும் ஆபத்தும் கூடுகிறது. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் குமிழிகள் அதிகம். விண்வெளி ஆராய்ச்சிக்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியதும் இந்தக் காந்த நடுக்கோட்டின் அருகாமைக்காகவே. நெல்லையில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

குமிழி ஒன்றும் வெடிகுண்டு இல்லை. கீழே இருப்பவர் யாருக்கும் அது தெரியாது. ஆனால் செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலி அலை அதன் வழியே புகுந்தால், ஓரிடத்தில் வேகமாகவும் அடுத்த இடத்தில் மெதுவாகவும் நழுவி, தரைக்கு வரும்போது வலுத்தும் மங்கியும் துடிக்கிறது. நட்சத்திரம் கண்சிமிட்டுவதன் வானொலி வடிவம் இது. துடிப்பு மிகுந்தால் கருவி அலையைத் தவறவிட்டுவிடும்.

2002 மார்ச் 4. ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில் தாக்குர் கர் என்ற, 3,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம். இருட்டில் அங்கே இறங்க முயன்ற அமெரிக்கச் சிறப்புப் படையினர் தாக்குதலில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்க பக்ராம் தளத்திலிருந்து ரேஞ்சர் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சினூக் ஹெலிகாப்டர் புறப்பட்டது. சிகரத்தில் எதிரிகள் காத்திருக்கிறார்கள், அங்கே இறங்க வேண்டாம் என்று செயற்கைக்கோள் வானொலி வழியே எச்சரிக்கை போனது. போனதே தவிர, போய்ச் சேரவில்லை. பொழுது புலரும் நேரத்தில் ஹெலிகாப்டர் அதே சிகரத்தில் இறங்க வந்து சுடப்பட்டது. அன்றைய சண்டை ஓய்ந்தபோது அமெரிக்கத் தரப்பில் 7 பேர் இறந்திருந்தார்கள்.

செய்தி ஏன் சேரவில்லை? மலைகள் மறைத்தன, கருவி பழுது, ஆளின் தவறு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 12 ஆண்டுகள் கழித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் கெல்லியும் அவருடைய குழுவும் வேறொரு சந்தேகத்தோடு பழைய செயற்கைக்கோள் தரவுகளைப் புரட்டினார்கள். அந்த நேரத்தில் போர்க்களத்துக்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்மா குமிழி இருந்தது. குமிழி மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. மலைகளில் பட்டுத் தெறித்து ஏற்கெனவே பலவீனமாக இருந்த இணைப்பை அது அறுத்திருக்கலாம் என்றார்கள். மாதம் மார்ச், சூரியன் உச்சத்தில் இருந்த ஆண்டு. காந்த நடுக்கோட்டில் பிறந்த குமிழிகள் அத்தனை வடக்கே எட்டக்கூடிய காலம். அன்றைய திட்டத்தில் வானிலை அறிக்கை இருந்திருக்கும். அயனி மண்டல அறிக்கையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இயற்கை போரில் குறுக்கிடுவது பழைய கதைதான். மழை, சேறு, பனி, கொசு எல்லாம் படைகளைத் தின்றிருக்கின்றன. ஆனால் சேற்றை எதிரி செய்த சதி என்று யாரும் நினைப்பதில்லை. வானொலியும் ரேடாரும் வந்த பிறகு புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. கருவி செத்தால், எதிரி செய்தானா சூரியன் செய்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஒரே அறிகுறி, இரண்டு நோய்கள். போர்க்காலத்தில் மனித மூளை எந்த நோயை முதலில் நினைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குழப்பம் முதன்முதலில் பதிவானது 1942 பிப்ரவரியில். அந்த மாதம் 12-ஆம் தேதி, ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனா என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் துணைக்கப்பல்களோடு பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தப்பின. பிரிட்டிஷ் ரேடார்களை ஜெர்மானியர் வானொலி இரைச்சலால் குருடாக்கியிருந்தார்கள். அவமானம் ஆறும் முன்பே, மாதக் கடைசியில் நாட்டின் பல இடங்களில் விமான எதிர்ப்பு ரேடார்களில் மறுபடி இரைச்சல். பெரிய தாக்குதலுக்கு முன்னோட்டம் என்றே பலரும் நினைத்தார்கள். ராணுவ ஆய்வுக்குழுவில் இருந்த ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற இளம் இயற்பியலர் அறிக்கைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். வெகுதூரம் தள்ளித் தள்ளி இருந்த நிலையங்கள் எல்லாம் இரைச்சல் ஒரே திசையிலிருந்து வருவதாகக் குறித்திருந்தன; நேரம் ஏற ஏற அந்தத் திசையும் நகர்ந்தது. சூரியன் நகர்ந்த பாதை அது. கிரீனிச் வானாய்வகத்தைக் கேட்டார். சூரியனின் நடுவில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று வந்திருக்கிறது என்று பதில் வந்தது. சூரியன் வானொலி அலைகளை வெடித்துக் கக்கும் என்பது அப்படித்தான் தெரிந்தது. போர் ரகசியம் என்பதால் 1946 வரை அது வெளியாகவில்லை. வானொலி வானியல் என்ற துறையின் ஒரு வேர் இந்த விமான எதிர்ப்பு ரேடாரில் இருக்கிறது.

ஹே செய்ததில் கவனிக்க வேண்டியது அவர் கேட்ட கேள்வி. யார் செய்தது என்று அவர் தொடங்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தொடங்கினார். இரண்டாவது கேள்விக்கு அளந்து பதில் சொல்ல முடியும்.

25 ஆண்டுகள் கழித்து அதே குழப்பம் அணுகுண்டுகளோடு வந்தது. 1967 மே மாதம் உலகம் ஏற்கெனவே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடுவதாக எகிப்து அப்போதுதான் அறிவித்திருந்தது. மே 23 அன்று, சோவியத் ஏவுகணைகளைக் கண்காணிப்பதற்காக அமெரிக்கா நிறுவியிருந்த மூன்று முன்னெச்சரிக்கை ரேடார் நிலையங்களும் ஒரே சமயத்தில் குருடாயின. ஒன்று அலாஸ்காவில், ஒன்று கிரீன்லாந்தில், ஒன்று இங்கிலாந்தில். ஆர்க்டிக்கின் மூன்று பக்கத்திலும் காவல் நின்ற கண்கள். இந்த ரேடார்களை வேண்டுமென்றே முடக்குவது போருக்குச் சமம் என்பது அன்றைய கொள்கை. அணு ஆயுத விமானங்களைக் கூடுதலாகக் கிளப்புவதற்கான ஆயத்தம் தொடங்கியது.

அந்த இடத்தில் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம் அமெரிக்க விமானப்படையின் வானிலைப் பிரிவு. சூரியனைக் கண்காணிக்க அந்தப் பிரிவில் சில ஆண்டுகளாகவே ஒரு சிறு குழு வேலை செய்துவந்தது. வட அமெரிக்க வான் பாதுகாப்புத் தலைமையகத்தில் அதன் முன்கணிப்பாளர்கள் பணியில் இருந்தார்கள். அர்னால்ட் ஸ்னைடர் அவர்களில் ஒருவர். சூரிய நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்று தலைமையகம் கேட்டபோது, அரைச் சூரியனே வெடித்துச் சிதறியது போல இருக்கிறது என்கிற தோரணையில் பதில் போனது. பெரிய கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து ஒரு மாபெரும் சுடர்வெடிப்பு. அதோடு அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையான வானொலி இரைச்சல்களில் ஒன்று. மூன்று நிலையங்களுமே அந்த நேரத்தில் வெயிலில் இருந்தன. விமானங்கள் கிளம்பவில்லை.

டெலோரஸ் நிப் என்ற விஞ்ஞானி, அன்று பணியில் இருந்த அதிகாரிகள் சிலரோடு சேர்ந்து இந்த நிகழ்வை விரிவாக எழுதி வெளியிட்டது 2016-இல்தான். அந்தக் கட்டுரையில் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் ஒரு விவரம் உண்டு. வெடிப்பைத் தொடர்ந்து துருவப் பகுதிகளில் சிற்றலை வானொலி நாட்கணக்கில் பாதிக்கப்பட்டது. விமானங்கள் கிளம்பிப் போயிருந்தால், திரும்பி வா என்ற கட்டளை அவற்றுக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

அந்த வெடிப்பு நடந்தபோது இந்தியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. கோடைக்கானலில் இருந்தவர்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. சூரியனைக் காவல் காக்க ஒரு நாடு போதாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு: பூமி சுற்றச் சுற்ற, பார்வை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாறும் அந்தக் கைகளில் கோடைக்கானல் பழையது. 1876-78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அதன் பிறகு வலுத்தது. சூரியனை நாள்தோறும் பார்க்க ஒரு மலை தேடினார்கள். வானியலர் மிச்சி ஸ்மித் பழனி மலையைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் 2,343 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் தொடங்கியது. ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் என் பார்வையில் இந்த வானாய்வகத்தின் பெரிய சாதனை அந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சென்னையிலிருந்து மலையேறிய பழைய 6 அங்குலத் தொலைநோக்கியை வைத்து, மேகம் விலகிய காலைகளில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்களே, அதுதான். 1904-இல் தொடங்கிய அந்தத் தொடர் நூறாண்டைத் தாண்டிவிட்டது. இரண்டு உலகப் போர்களின்போதும் படம் எடுக்கும் வேலை நிற்கவில்லை. 1902-இல் தொடங்கிய காந்த அளவீடுகளும் 1950-களில் வந்த அயனி மண்டல ஆய்வுக்கருவியும் இதோடு சேரும்.

மழையைக் கணிக்கத் தொடங்கிய வேலை இது. சூரியனைக் கொண்டு பருவமழையைச் சொல்லும் கனவு பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் சூரியனின் இயல்பான முகம் எது, கோபம் எது என்று தெரிந்துகொள்ள இத்தகைய நீண்ட பதிவுகள்தான் உலகத்துக்கு உதவின. இயல்பு தெரியாதவனுக்கு எல்லாமே தாக்குதலாகத் தோன்றும். ராணுவச் செலவுப் பட்டியலில் ஏவுகணைக்கு இருக்கும் மவுசு இப்படிப்பட்ட அன்றாட வேலைக்கு எந்த நாட்டிலும் இல்லை. ஒரு வருடம் படம் எடுக்காமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஐம்பது வருடம் கழித்து அந்த ஓட்டையை நிரப்ப யாராலும் முடியப்போவதுமில்லை.

காந்த அளவீட்டைச் சொன்னேன். அதற்கும் போருக்கும் உள்ள தொடர்பு 1972 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாம் கடலில் வெடித்தது, சொல்லின் நேர்ப்பொருளிலேயே.

கடல் கண்ணிவெடிகளில் காந்த வகை ஒன்று உண்டு. இரும்புக் கப்பல் நெருங்கும்போது அந்த இடத்துப் பூமிக் காந்தப்புலம் லேசாகக் கோணும். கடலடியில் கிடக்கும் கண்ணிவெடி அந்த மாற்றத்தை உணர்ந்து வெடிக்கும். 1939-இல் ஜெர்மானியர் இதைத் தேம்ஸ் முகத்துவாரத்தில் கொட்டியபோது பிரிட்டிஷார் திகைத்துப்போனார்கள். அந்த நவம்பரில் ஷூபரினஸ் சேற்றில் ஒன்று வெடிக்காமல் கிடைத்தது. ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி அதை அங்கேயே பிரித்தார். உள்ளே இருந்த ஊசியைப் பார்த்த பிறகுதான் கப்பல்களைச் சுற்றி மின்கம்பி கட்டிக் காந்தத்தன்மையைக் குறைக்கும் வழி பிறந்தது.

1972 மே மாதம் வட வியட்நாமின் துறைமுகங்களைக் காந்தக் கண்ணிவெடிகளால் அமெரிக்கா முற்றுகையிட்டது. ஆகஸ்ட் 4 அன்று ஹோன் லா என்ற இடத்தையொட்டிய கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள், 30 விநாடிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வெடிகள் கிளம்புவதைப் பார்த்தார்கள். கப்பல் எதுவும் அங்கே இல்லை. இன்னும் பல இடங்களில் கலங்கிய சேற்றுத் தடங்கள், அவையும் வெடித்துப்போனவைதான். விசாரித்த கடற்படை, சூரியப் புயல்தான் காரணமாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. ஆகஸ்ட் 2 முதல் சூரியனின் ஒரே இடத்திலிருந்து வெடிப்பு மேல் வெடிப்பு. 4-ஆம் தேதிப் பிளாஸ்மா மேகம், முன்னே போனவை ஒழித்துக் கொடுத்த வழியில், 15 மணி நேரத்துக்கும் குறைவாகப் பூமிக்கு வந்து சேர்ந்தது. சாதாரணமாக இரண்டு மூன்று நாள் ஆகும் பயணம். அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, அப்போலோ 17 டிசம்பரில் போக இருந்தது. நடுவே ஆகஸ்டில் நிலவில் யாரும் இல்லாதது வெறும் அதிர்ஷ்டம்.

பூமிக் காந்தப்புலம் வெடுக்கென்று அசைந்ததைக் கண்ணிவெடிகள் கப்பல் என்று எண்ணிக்கொண்டன. எதிரியா சூரியனா என்ற கேள்வியில் மனிதனாவது தயங்குவான். இயந்திரத்துக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் அது தயங்குவதில்லை. தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்களைப் பற்றி இன்று நடக்கும் விவாதங்களில், ஹோன் லா கண்ணிவெடிகளை யாரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை. அவையும் ஒருவகையில் தானியங்கி ஆயுதங்கள்தான், மிக முட்டாளானவை.

நம் பகுதிக்கு இதில் ஒரு கூடுதல் பங்கு இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் பட்டைக்குள் கோடைக்கானலும் கூக்காலும் அடங்கும். சூரியப் புயல் வந்து மோதும்போது இந்த மின்னோட்டமும் துள்ளுவதால், நண்பகல் வேளையில் காந்தப்புலத்தின் முதல் உதறல் அண்டைப் பகுதிகளைவிட இங்கே பெரிதாகப் பதிவாகும். மன்னார் வளைகுடாவில் காந்த உணரியோடு எதையாவது போட்டுவைக்க நினைக்கும் எந்தக் கடற்படையும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பழனி மலையடிவாரத்துக்குப் போர்த் தொழில்நுட்பம் புதிதல்ல. 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பின்னாளில் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் 1780-இல் பொள்ளிலூரில் கும்பினிப் படையை நிலைகுலைய வைத்தன. அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். இரண்டு கிலோமீட்டர் வரை போகும் அந்த ராக்கெட்டுக்குக் குறி கிடையாது. விழுந்த இடம்தான் இலக்கு. அதனால் கூட்டமாக ஏவினார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்: சூரியனில் என்ன வெடித்தாலும் ஹைதரின் ராக்கெட்டுக்குக் கவலையில்லை.

இன்றைய ராக்கெட்டும் ட்ரோனும் சில மீட்டர் பிசகாமல் விழுகின்றன. அந்தத் துல்லியத்துக்கு விலையாக அவை ஒரு மிக மெல்லிய நூலில் தொங்குகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரைக்கு எட்டும்போது அதன் வலு எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துணுக்கை எடுத்து மறுபடி நூறாகப் பிரித்தால் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவு. இதை எதிரி ஒரு சிறு கருவியால் மூழ்கடிக்கலாம். அயனி மண்டலம் கருவியே இல்லாமல் குலைக்கலாம்.

குலைப்பது இரண்டு விதம். முதலாவது தாமதம்: எலெக்ட்ரான்கள் அலையைச் சற்று இழுத்துப் பிடிக்கின்றன. சூரிய உச்ச ஆண்டின் பிற்பகலில், வெப்பமண்டல வானத்தில், ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு இதனால் 15 மீட்டருக்கு மேலும் தூரக்கணக்கு பிசகலாம். அலைவரிசை கூடினால் தாமதம் குறையும், அதுவும் இருமடி வேகத்தில்; ஆகவே இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால் தாமதத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். ஜிபிஎஸ் போன்றே வழிகாட்டும் நம்முடைய நாவிக் செயற்கைக்கோள் அமைப்பு இரண்டில் ஒன்றாக எஸ் அலைவரிசையை, 2,492 மெகாஹெர்ட்ஸை, எடுத்துக்கொண்டது. மற்றதான எல்5-இல் ஏற்படும் தாமதத்தில் நாலில் ஒரு பங்குகூட இதில் ஏற்படாது. கார்கில் போரின்போது அமெரிக்கா துல்லியமான ஜிபிஎஸ் தரவைத் தர மறுத்தது என்பதே நாவிக்கின் பிறப்புக் காரணமாக எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. அமெரிக்கா மறுப்பது ஒரு பக்கம். நம் தலைக்கு மேலுள்ள வானமே மறுக்கும் நேரங்கள் உண்டு என்பதும் வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் திட்டத்திலும் மிகப் பாடுபடுத்தியது இந்த அயனி மண்டலம்தான். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த கணக்கு இங்கே செல்லவில்லை. இந்திய வானத்துக்கென்று தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது விதம் முன்பு சொன்ன துடிப்பு. அதற்கு இப்படி நேர்த்தியான மருந்து இல்லை. அலையே அறுந்துபோனால் எதை எதோடு ஒப்பிடுவது? இன்னொரு விநோதமும் உண்டு. காந்த நடுக்கோட்டில் மேலே தூக்கப்படும் பிளாஸ்மா, காந்தக்கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகிறது. இந்தியாவில் அது சென்று குவியும் இடம் அகமதாபாத், போபால், கொல்கத்தா ஓடும் பட்டை. நெல்லைக்கு மேலே கிளம்பும் குமிழியின் கடுமையான விளைவை அனுபவிப்பது பெரும்பாலும் போபால்.

போர்க்களம் இதற்கெல்லாம் தன் வழியில் விடை தேடிக்கொண்டிருக்கிறது. உக்ரைனில் ஜிபிஎஸ் குண்டுகள் ரஷ்ய இரைச்சல் கருவிகளால் குறி தவறத் தொடங்கின. இரு தரப்பும் 2024 முதல் மெல்லிய ஒளியிழையைச் சுருளாகச் சுமந்து, அதை அவிழ்த்தபடியே கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் ட்ரோன்களை இறக்கின. இருபத்தோராம் நூற்றாண்டின் அதிநவீன ஆயுதம், கம்பியில்லாத் தொடர்பை உதறிவிட்டுக் கம்பிக்குத் திரும்பியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகமோ, கைவிட்டிருந்த நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டும் பாடத்தை 2015 வாக்கில் மீண்டும் கொண்டுவந்தது. இவை எதிரிக்கு அஞ்சிச் செய்தவை. சூரியனுக்கும் சேர்த்துப் பயன்படும் என்பது போனஸ்.

சூரியனிடம் தோற்பது சிப்பாய்கள் மட்டுமல்ல. 2022 பிப்ரவரி 3 அன்று ஸ்பேஸ்எக்ஸ் அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. அன்றைய காந்தப்புயல் பெரிய புயல்கூட இல்லை. அது மேல்வளியைச் சூடாக்கி உப்ப வைத்தது. 210 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டிருந்தவற்றைக் காற்றின் இழுவை கீழே கொண்டுவந்தது. உலகின் எந்தச் செயற்கைக்கோள் எதிர்ப்புப் படையும் ஒரே வாரத்தில் இத்தனை செயற்கைக்கோள்களை வீழ்த்தியதில்லை.

சரி, முன்கூட்டிச் சொல்ல முடியுமா? சுடர்வெடிப்பின் வானொலி இரைச்சலுக்கு முன்னறிவிப்பே கிடையாது. ஒளி வரும் அதே எட்டேகால் நிமிடத்தில் அதுவும் வந்துவிடுகிறது. நாம் வெடிப்பைப் பார்க்கும்போதே ரேடார் கெட்டிருக்கும். 1967-இல் முன்கணிப்பாளர்களால் செய்ய முடிந்தது, நடந்ததற்குக் காரணத்தை உடனே சொன்னது மட்டும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. பிளாஸ்மா மேகத்துக்கு ஒன்றிரண்டு நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்த மேகம் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியதா வடக்கு நோக்கியதா என்பதைப் பொறுத்தே புயலின் கடுமை அமையும். அதை நம்பிக்கையோடு சொல்ல, மேகம் நம் கருவிகளைத் தொட்டுப் போக வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய இந்தியாவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 அதற்கான இடத்தில், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 2024 ஜனவரி 6 முதல் நிற்கிறது. அதன் முதன்மைக் கருவியைச் செய்தது, கோடைக்கானல் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்.

சாதாரண மேகம் அந்த 15 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 1972 ஆகஸ்ட் மேகத்தின் வேகத்தில் வந்தால் சுமார் 9 நிமிடம். அந்த 9 நிமிடத்துக்குள் தரவு தரைக்கு இறங்கி, கணக்காகி, சரியான மேசையில் இருப்பவருக்குத் தொலைபேசி போய், அவர் அதை நம்பவும் வேண்டும்.